வாங்கும் முன் இரண்டையும் மலையேற்றுங்கள்

மின்கார் வாங்கப்போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்த அன்றே ஒரு முறை சார்ஜ் போட்டால் எத்தனை கி.மீ. ஓடும் என்று மூன்று பேர் மூன்று எண்களைச் சொன்னார்கள். மைத்துனர் 585 என்றார். அலுவலக நண்பர் 502 என்றார். ஷோரூம் பையன் சற்றுத் தணிந்த குரலில் நானூறு நிச்சயம் என்றான். மூவரும் பேசியது ஒரே வண்டியைப் பற்றி, ஒரே பேட்டரியைப் பற்றி. மூவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதல் முறையாக மின்கார் வாங்க நினைத்து, கடைசியில் இரண்டு நடுத்தர எஸ்யூவிகளுக்கு இடையே மாட்டிக்கொண்டு நிற்கும் சேலத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கையும் டாடா கர்வ் இவியையும் எடுத்துக்கொள்கிறேன். கர்வ் இவி 2024 ஆகஸ்டில் வந்தது, கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் தொடங்கி, ஒரே குடும்பத்தை வளைத்துப் பிடிக்கப் பார்க்கும் வண்டிகள். உங்கள் பட்டியலில் மஹிந்திரா பிஇ 6 இருக்கலாம், மாருதி இ விட்டாரா இருக்கலாம். செய்முறை மாறாது, எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு முன் வீட்டைப் பாருங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் உங்கள் மீட்டர் பெட்டியின் முன் போய் நில்லுங்கள். பெட்ரோல் காருக்கு இந்தக் கவலை கிடையாது, பங்க் அதைப் பார்த்துக்கொள்ளும். மின்காருக்கு உங்கள் வீடுதான் பங்க்.

குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் தெருவில் வண்டியை நிறுத்துகிறவர்கள் இந்த இடத்திலேயே ஒரு கணம் யோசிக்க வேண்டும். வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துத் தெருவில் சார்ஜ் போடுவது தினசரி நடக்கிற காரியமல்ல. அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலை வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கட்டுங்கள். வாய்மொழி ஒப்புதல் அடுத்த பொதுக்குழுக் கூட்டம் வரைக்கும்தான் உயிரோடிருக்கும்.

ஏசிக்குப் போடுகிற 15 ஆம்பியர் பிளக் ஒன்று போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். அதில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணி நேரம் போட்டால் 30 யூனிட், அதாவது ஏறத்தாழ 180 முதல் 200 கி.மீ. அஸ்தம்பட்டியில் வீடு, கொண்டலாம்பட்டியில் வேலை என்றால் ஒரு வாரத்துக்கே இது மிச்சம். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமென்றால் அது 32 ஆம்பியர் இழுக்கும், அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கிரெட்டா எலெக்ட்ரிக்குக்கு 11 கிலோவாட் வீட்டுச் சார்ஜரும் உண்டு. மும்முனை இணைப்பு இருந்தால் பெரிய பேட்டரி 10 சதவீதத்திலிருந்து முழுமையாக ஏற 4 மணி 50 நிமிடம் என்று நிறுவனம் சொல்கிறது. கர்வ் இவி 7.2 கிலோவாட்டில் ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். இந்த வேறுபாட்டை ஷோரூமில் பெரிதாகப் பேசுவார்கள். இரவு பத்துக்குச் சொருகிக் காலை ஆறுக்குக் கழற்றுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பகலில் இரண்டு நடை ஊர் சுற்றும் வியாபாரியாக இருந்தால் மட்டும் இதற்குக் காசு கொடுங்கள்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்வேன்: எர்த். சேலத்து மண் பாறை மண். கோடையில் எர்த் குழி வறண்டு போனால் கம்பி இருந்தும் எர்த் இல்லாத நிலைதான். மிக்சியும் கிரைண்டரும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடிவிடும், கார் சார்ஜர் ஓடாது. எங்கள் வீட்டில் முதல் நாள் சார்ஜரைச் சொருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியில் கோளாறு என்று நான் தொலைபேசியில் சண்டைக்கே போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் இருபது ஆண்டுகளாக யாரும் தண்ணீர் ஊற்றாத எர்த் குழி. உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழி எடுத்த பிறகு விளக்கு பச்சையானது. வண்டி வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. பத்துப் பதினைந்து காட்டினால் முதலில் குழியைக் கவனியுங்கள்.

மின்கட்டணத்தையும் இப்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். மாதம் ஆயிரம் கி.மீ. ஓடுகிறவருக்குச் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 170 யூனிட் ஆகும், இரண்டு மாதக் கணக்கில் 340. நம் ஊரில் கட்டணம் படிப்படியாக ஏறும் என்பது மட்டுமல்ல, 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் மலிவு விலையும் கைநழுவிவிடும். இப்போது 450 யூனிட் கட்டுகிற வீடு 790-க்குப் போகும்போது கட்டணம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கூடும். அப்படியும் கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய்ச் சுற்றில்தான் நிற்கிறது. லிட்டருக்குப் பதினான்கு கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் எஸ்யூவி கி.மீ.க்கு ஏழு ரூபாய் கேட்கிறது. ஆனால் வீட்டில் ஏற்ற வழியில்லாமல் வெளியிலேயே வேகச் சார்ஜரை நம்பினால் யூனிட் இருபது ரூபாயைத் தொடும், சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு கரையும்.

எண்களை ஒரே தராசில் போடுங்கள்

முதல் பத்தியின் புதிருக்கு வருவோம். இந்திய ஓட்டச் சோதனைக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதி நகர நெரிசலைப் போன்ற நிதான ஓட்டம். இரண்டாம் பகுதியில் வேகம் கூடும், மணிக்கு 90 கி.மீ. வரை போகும். 55 யூனிட் பேட்டரி கொண்ட கர்வ் இவி முதல் பகுதிக் கணக்கில் 585 கி.மீ. ஓடுகிறது. இரண்டு பகுதிகளையும் சேர்த்தால் 502. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையிலேயே கிடைக்கக்கூடியது 400 முதல் 425 என்று டாடா நிறுவனமே தனியாக ஒரு மதிப்பீட்டையும் தருகிறது. ஷோரூம் பையன் சொன்ன நானூறு அதுதான். அவனுக்கு ஒரு நன்றி.

கிரெட்டா எலெக்ட்ரிக்கின் 51.4 யூனிட் பேட்டரிக்கு அறிமுகத்தின்போது 473 என்றார்கள், 2025 செப்டம்பரில் அதுவே 510 ஆனது. பேட்டரியின் அளவு மாறவில்லை. ஆகவே ஒருவர் 585-ஐயும் 473-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வண்டி 112 கி.மீ. கூடுதலாக ஓடும் என்று முடிவுகட்டினால், அவர் படியையும் பக்காவையும் ஒன்றாக அளக்கிறார் என்று பொருள். எந்தக் கையேட்டைப் பார்த்தாலும் இந்த எண் முதல் பகுதிக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த எண்ணையே விட்டுவிடுங்கள்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கி.மீ. கணக்கை மூடிவைத்துவிட்டு யூனிட்டில் பேசுங்கள். ஒரு கிலோவாட் மணி என்பது உங்கள் மின்கட்டண அட்டையில் இருக்கும் அதே யூனிட்தான். இந்த அளவு வண்டிகள் ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, நெடுஞ்சாலையும் ஊரும் கலந்து ஓடினால் யூனிட்டுக்கு ஆறு முதல் ஏழு கி.மீ. தரும். ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 51.4 யூனிட் பேட்டரிக்கு 334 கி.மீ. வருகிறது, 55-க்கு 357. வித்தியாசம் 23 கி.மீ. சேலத்திலிருந்து சென்னை 340 கி.மீ. சுற்றில் இருக்கிறது. இரண்டு வண்டியிலும் வழியில் ஒரு முறை சார்ஜ் போடத்தான் போகிறீர்கள். இந்த 23 கி.மீ.க்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

சிறிய பேட்டரிகளும் உண்டு: கிரெட்டாவில் 42, கர்வில் 45. ஊருக்குள் ஓட்டம், மாதம் ஒரு முறை ஈரோடு, ஆண்டுக்கு இரண்டு முறை மதுரை என்பவருக்கு இவையே போதும். பெரிய பேட்டரி விற்றால்தான் லாபம் என்பதால் இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

மலைக் கணக்கு

சேலத்தில் வண்டி வைத்திருப்பவன் ஏற்காடு ஏறாமல் இருக்க மாட்டான். உறவினர் வந்தால் ஏற்காடு, தேர்வு முடிந்தால் ஏற்காடு, மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வண்டிகளை ஒப்பிட இதைவிட நேர்மையான சோதனைச் சாலை கிடைக்காது. ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தைச் சுற்றி ஐந்து கி.மீ. ஓட்டிக் காட்டினால் எல்லா மின்காரும் அருமையாகத்தான் ஓடும்.

முதலில் காகிதத்தில் ஏறிப் பார்ப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1515. ஏற வேண்டிய உயரம் 1235 மீட்டர். வண்டியும் ஐந்து பேரும் பெட்டிகளும் சேர்ந்து இரண்டு டன் என்று கொள்ளுங்கள். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 6.7 யூனிட் வேண்டும். இதற்கு எந்த நிறுவனத்தின் பொறியாளரும் தள்ளுபடி தர முடியாது, இது புவியீர்ப்பு கேட்கும் கூலி. மோட்டாரில் வீணாவது, சக்கரம் உருள்வதற்கான செலவு, ஏசி எல்லாம் சேர்த்தால் ஊரிலிருந்து ஏற்காடு ஏரிக்கரை வரை 32 கி.மீ.க்குப் பத்து, பதினொன்று யூனிட் போகும். சமதளத்தில் ஐந்து யூனிட்டில் முடிகிற தூரம் அது. 55 யூனிட் பேட்டரியில் இது 19 சதவீதம், 51.4-இல் 20, 42-இல் 25. எந்த வண்டியானாலும் மலையேறுவதற்குள் கால் பங்கு வரை தீரும், அதைப் பார்த்து அலற வேண்டாம். திரையில் காட்டும் மீதித் தூரம் மலையேறும்போது சரசரவென்று சரியும். வண்டி அந்த நிமிடத்துச் செலவை வைத்துக் கணக்குப் போடுவதால் வரும் பயமுறுத்தல் அது.

இறங்கும்போதுதான் மின்காரின் விளையாட்டு தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்துக்கொண்டு பேட்டரியில் மின்சாரம் ஏற்றும். ரீஜென் என்பார்கள். 6.7 யூனிட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, மூன்று யூனிட்டுக்கு மேல், அடிவாரம் வந்து சேரும்போது திரும்பக் கிடைக்கலாம். மேலே 60 சதவீதத்தில் கிளம்பியவர் கீழே 65, 66-இல் வந்து நிற்பார். முதல் தடவை பார்க்கிறவர் திரையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாமல் இருந்ததாகச் சரித்திரமில்லை.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. ஏற்காட்டு விடுதியில் சார்ஜர் இருக்கிறது என்று இரவு முழுக்கப் போட்டு 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குவார்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜெனுக்கு இடமில்லை. நிறைகுடத்தில் எங்கே ஊற்றுவது? கால் எடுத்தாலும் வண்டி நிற்காமல் உருளும். இரண்டு டன்னையும் பிரேக் கட்டைகளே தாங்க வேண்டும், நாலு வளைவுக்குள் கருகல் நாற்றம் வரும். மலைமேல் ஏற்றினால் 85-இல் நிறுத்திவிடுங்கள். இரண்டு வண்டிகளிலும் இந்த வரம்பைத் திரையிலேயே குறித்து வைக்க முடியும். ஷோரூமில் அதை எங்கே அமைப்பது என்று காட்டச் சொல்லுங்கள், தேடாமல் காட்டுகிறாரா என்றும் பாருங்கள்.

இனி உண்மையான ஓட்டம். வார நாளாகப் பார்த்துக் கேளுங்கள், ஞாயிறு வேண்டாம். மலைப்பாதைக்கு வண்டி தர மாட்டோம் என்று முதலில் மறுப்பார்கள். இரண்டில் ஒன்று வாங்கப்போவது உறுதி, மற்றவர் தருகிறார் என்று நிதானமாகச் சொன்னால் இறங்கி வருவார்கள். இரண்டு வண்டியையும் ஒரே வாரத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆட்களோடு ஏற்றுங்கள். காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று என்றால் ஏசியின் செலவு கணக்கைக் கெடுத்துவிடும், சேலத்து ஏப்ரல் வெயிலில் கேட்கவே வேண்டாம். கையில் ஒரு நோட்டு. அடிவாரத்தில் சதவீதம் எவ்வளவு, அறுபதடிப் பாலத்தில் எவ்வளவு, ஏரிக்கரையில் எவ்வளவு, திரும்ப அடிவாரத்தில் எவ்வளவு. இந்த நாலு எண்கள் போதும். சதவீதத்தை மறக்காமல் யூனிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், பெரிய பேட்டரியின் ஒரு சதவீதமும் சின்னப் பேட்டரியின் ஒரு சதவீதமும் ஒன்றல்ல.

எண்களை விடப் பெரியது பின்சீட்டு. மின்காரில் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குச் சொர்க்கம், பின்னால் இருப்பவர்களுக்கு வாந்தி. ரீஜெனை அதிகத்தில் வைத்துக்கொண்டு காலை எடுத்து எடுத்து வைத்தால் தலை முன்னும் பின்னும் ஆடும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துடுப்புகளால் ரீஜெனின் பிடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு வண்டிகளிலும் வசதி உண்டு. கிரெட்டாவில் ஐ பெடல் என்று ஒன்று இருக்கிறது, ஆக்சிலரேட்டரை மட்டுமே வைத்து முழுதாக நிற்பது வரை ஓட்டலாம். ஏறும்போது ஒரு நிலை, இறங்கும்போது ஒரு நிலை என்று மாற்றிப் பழகுங்கள். வீட்டில் மலையேறினாலே முகம் வெளுக்கும் ஆள் ஒருவர் இருப்பார், அவரைக் கட்டாயம் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் அம்மா. ஒரு வண்டியில் ஏழாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டார், இன்னொன்றில் மலைமேல் இருக்கும் லேடிஸ் சீட் காட்சிமுனை வரை கதை பேசிக்கொண்டு வந்தார். ஓட்டியவன் நான்தான் இரண்டிலும், ஆனால் முதல் வண்டியில் ரீஜென் உச்சத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஆகவே மறுபடி ஒரு நாள் சரியான நிலையில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. வண்டியின் மீது பழி போடுவதற்கு முன் அமைப்பைப் பாருங்கள்.

வளைவுகளில் வேண்டுமென்றே ஒரு முறை நின்று கிளம்பிப் பாருங்கள். மேலிருந்து பஸ் வரும்போது ஏற்றத்தில் நிற்க நேரும், கால் பிரேக்கை விட்ட நொடியில் வண்டி பின்னால் சரியாமல் பிடித்து நிற்கிறதா? இருபது கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்து திடீரென்று அழுத்தினால் முன்சக்கரம் சறுக்குகிறதா? இரண்டுமே முன்சக்கர வண்டிகள், மழை நாளில் இது தெரியும். சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருத்தும் பாதுகாப்பு வசதியை மலையில் அணைத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அது கத்துவதும் நீங்கள் பதறுவதும் யாருக்கும் நல்லதல்ல. அணைக்கும் பொத்தான் எத்தனை அழுத்தலுக்குள் கிடைக்கிறது என்பதும் ஒப்பீட்டில் ஒரு மதிப்பெண்தான்.

குப்பனூர் வழிச் சாலையிலும் ஒரு முறை இறங்கிப் பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் முதன்மைப் பாதையில் மண் சரிந்தபோது இந்த வழிதான் கைகொடுத்தது. விழாக் கூட்டத்தில் ஒருவழிப் பாதையாக்கி இறங்குகிறவர்களை இந்தப் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு. குறுகலான சாலை, அகலமான வண்டிக்கு நல்ல பரீட்சை. கர்வின் அகலம் 1810 மி.மீ., கிரெட்டா 1790. எதிரே லாரி வந்து ஒதுங்கும்போது இரண்டு சென்டிமீட்டரில் ஒன்றும் ஆகிவிடாது, பக்கக் கண்ணாடியில் பள்ளத்தின் விளிம்பு தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

நெடுஞ்சாலையில் சார்ஜர் துப்பாக்கி எந்த அளவு?

கையேட்டின்படி வேகச் சார்ஜரில் 10-இலிருந்து 80 சதவீதம் ஏறப் பெரிய பேட்டரி கர்வுக்கு 40 நிமிடம், கிரெட்டாவுக்கு 58 நிமிடம். பதினெட்டு நிமிடம் சிறிய விஷயமல்ல, ஒரு சாப்பாட்டுக்கும் ஒரு காபிக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அதே கையேட்டில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: சார்ஜர் அந்தத் திறன் உள்ளதாக இருக்க வேண்டும். கர்வ் 40 நிமிடத்தில் 38.5 யூனிட் வாங்க வேண்டுமானால் சராசரியே 58 கிலோவாட் ஓட வேண்டும். வழியில் இருப்பது 30 கிலோவாட் சார்ஜர் என்றால் இரண்டு வண்டியும் ஒன்றேகால் மணி நேரம் உட்காரும், கையேடு பையிலேயே தூங்கும். 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு துப்பாக்கிகள், அதாவது வண்டியில் சொருகும் முனைகள், தொங்கினால் பக்கத்தில் இன்னொருவர் வந்து சொருகியதும் பல இடங்களில் அது முப்பது முப்பதாகப் பிரிந்துவிடும்.

அதனால் வண்டியை ஒப்பிடுவதோடு சாலையையும் ஒப்பிடுங்கள். நீங்கள் அடிக்கடி போவது கோவையா, பெங்களூரா, சென்னையா? இப்போது இருக்கும் பழைய காரில் அந்த வழியில் போகும்போதே, நின்று சார்ஜர்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை கிலோவாட், எத்தனை துப்பாக்கி, எத்தனை வேலை செய்கிறது, கழிப்பறை இருக்கிறதா, இரவு பத்து மணிக்கு விளக்கு எரிகிறதா. நான் ஒரு முறை சாலையோர உணவகம் ஒன்றில் 14 சதவீதத்தோடு போய் நின்றேன். இரண்டு துப்பாக்கியில் ஒன்று செத்திருந்தது. இன்னொன்று செயலியில் பணம் ஏற்றினால்தான் அசையும் என்றது, செயலியோ கைப்பேசிக்கு வராத ஒரு கடவு எண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் போன பிறகு, அங்கே பரிமாறும் பையன் தன் கைப்பேசியிலிருந்து கட்டி என்னை அனுப்பி வைத்தான். அன்றிலிருந்து மூன்று செயலிகளில் ஐந்நூறு ரூபாய் வைத்திருக்கிறேன், 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் மாட்டேன்.

கோவை போய்த் திரும்ப 330 கி.மீ., அங்கே சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் போட்டால் முடிந்தது. பெங்களூர் ஒரு நடைக்கு 200 கி.மீ. போகும்போது தொப்பூர்க் கணவாயில் ஏற்றம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். திரும்பும்போது அதே தொப்பூர் இறக்கத்தில் ரீஜென் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், லாரிகளுக்கு நடுவே அந்த நிம்மதிக்கு விலை கிடையாது. மாதம் இரண்டு முறை சென்னை போகிறவராகவும், உங்கள் வழியில் உண்மையிலேயே 60 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர் இருப்பதைக் கண்ணால் பார்த்தவராகவும் இருந்தால் வேகமாக ஏறும் வண்டிக்கு ஒரு புள்ளி கூடப் போடுங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம்.

உள்ளே, பின்னே, கீழே

கர்வின் டிக்கி 500 லிட்டர். கிரெட்டாவின் டிக்கி 433 லிட்டர், முன்மூடிக்குள் 22 லிட்டர் தனி. லிட்டரை நம்பாதீர்கள், மாம்பழப் பெட்டியை நம்புங்கள். மே மாதம் உறவுக்கெல்லாம் கொண்டுபோகும் அட்டைப் பெட்டிகள் நாலை ஷோரூமுக்கே எடுத்துச் சென்று அடுக்கிப் பார்த்தேன், சிரித்தார்கள், சிரிக்கட்டும். சரிந்த கூரை உள்ள வண்டியில் லிட்டர் அதிகமாக இருந்தும் உயரமான பெட்டி கதவில் இடிக்கலாம். அதே சரிந்த கூரை பின்சீட்டில் உயரமானவர் தலையையும், ஓட்டுகிறவரின் பின்கண்ணாடிக் காட்சியையும் தொடும். கர்வின் அழகே அந்தக் கூரைதான் என்பவர்கள் அதற்கான விலையைத் தெரிந்து கொடுங்கள். கிரெட்டாவின் சக்கர இடைவெளி 2610 மி.மீ., கர்வில் 2560. நிமிர்ந்த கூரை, நீண்ட இடைவெளி என்று பார்த்தால் முதியவர்கள் பின்னால் உட்காரும் வீட்டுக்கு கிரெட்டா என் கண்ணுக்குப் பொருத்தம். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் மருந்து மட்டும்தானா என்று தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மலையில் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் மருந்து உதவாது.

மோதல் சோதனையில் கர்வ் இவி 2024-இல் பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஒப்பிடும் வண்டிக்கும் அதே சோதனையின் சான்று இருக்கிறதா என்று தாளில் கேளுங்கள். பெட்ரோல் மாடலின் சான்றைக் காட்டினால் அது வேறு வண்டி.

தாள்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது விலையிலேயே அடங்கிவிடும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் ஒரு சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். பலர் விட்டுவிடுகிறார்கள். சாலை வரி விலக்கு இன்றைய தேதிக்கு எப்படி என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆன்ரோடு விலைத்தாளை நம்ப வேண்டாம். மின்காருக்குக் கடன் வட்டியில் வருமான வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், அது 2023 மார்ச் 31-க்குள் ஒப்புதலான கடன்களோடு முடிந்துவிட்டது.

பேட்டரி உத்தரவாதத்தில் மட்டும் நேரம் செலவழியுங்கள். கிரெட்டாவுக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. கர்வுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது, 2025-இல் முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதம் என்றார்கள். வாழ்நாள் என்றால் உங்கள் ஆயுளல்ல, பதிவிலிருந்து 15 ஆண்டு. ஐந்தாவது ஆண்டில் விற்றால் வாங்குகிறவருக்கு என்ன மிஞ்சும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேட்டரியின் கொள்திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும்.

பிறகு பணிமனைக்கு நடந்து போங்கள், ஷோரூம் பக்கத்தில் இருப்பதற்கல்ல, வேலை நடக்கும் கொட்டகைக்கு. பேட்டரி வேலைக்குச் சேலத்திலேயே பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, கோவைக்கு அனுப்புவார்களா? மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் தட்டையான மேடை உள்ள மீட்பு லாரி எவ்வளவு நேரத்தில் வரும்? மின்காரை முன்சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகக்கூடாது, மோட்டார் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று பதில் வந்தால் அந்தப் பணிமனைக்கு நீங்கள்தான் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

நான் எதை வாங்கினேன் என்று கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டு எர்த் குழியும் அம்மாவின் தலைச்சுற்றலும் உங்கள் வீட்டில் இல்லை. வண்டியை எடுக்கும் நாளில், சாவி வாங்கும் முன், உடன் தரும் சார்ஜர் ஒயரை ஷோரூம் சுவரிலேயே சொருகி விளக்கு பச்சையாகிறதா என்று பாருங்கள், உற்பத்தி மாதத்தைப் படித்துக்கொள்ளுங்கள், பச்சைப் பலகையில் எண் சரியா என்று பாருங்கள். அன்று மாலையே குடும்பத்தோடு ஏற்காடு கிளம்ப வேண்டாம். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிக் கால் பழகட்டும். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், 85 சதவீதத்தில், தனியாக.